வில்கமுவ வயலில் தத்தியின் பதில்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வில்கமுவ போனேன். நெல் தண்டில் சாறு குடிக்கும் தத்திப் பூச்சி வயிற்றை அதிரவைத்துத் தண்டு வழியாகவே துணையைக் கூப்பிடும். நம் காதுக்கு எட்டாது. கிட்டாரில் ஒட்டும் சின்ன மைக்கைத் தண்டில் மாட்டிப் போனில் இணைத்தால் ஹெட்போனில் கேட்கலாம். ஆண் கூப்பிடுவதை ஏற்கனவே கேட்டிருக்கிறேன். பெண்ணின் பதிலைக் கேட்கத்தான் இந்தப் பைத்தியக்காரப் பயணம்.

மாத்தளையில் காலை ஆறு மணி பஸ். நாவுலயில் மாறி, ஹெட்டிப்பொல போய்ச் சேரப் பத்தரை. அங்கிருந்து நாலு கிலோமீற்றர், த்ரீவீலுக்கு அறுநூறு ரூபாய். யானை வந்தால் வண்டியை விட்டுவிட்டு ஓடணும் என்றார் சாரதி. நான் சரியான பயந்தாங்கொள்ளி. வழியெல்லாம் புதரையே பார்த்துக்கொண்டு போனேன்.

வயல் நிசாம் நானாவுடையது; நானா என்றால் அண்ணன். மாத்தளைக்காரர், இங்கே குத்தகைக்கு விதைக்கிறார். மூலையில் ஒரு துண்டு, தத்தி சாறு குடித்து, நெருப்புப் பட்டதுபோல் காய்ந்திருந்தது. அது போனது போகட்டும், நடுவயல் தப்பினால் வருசத்துச் சோறு தப்பும் என்றார். அவர் வீட்டில் ஏழு பேர்.

காய்ந்த துண்டின் ஓரத்தில் மைக்கை மாட்டினேன். அப்பப்பா, சந்தை இரைச்சல்! ஒரே தண்டில் அத்தனை ஆண்கள். ஒன்று கூப்பிட ஆரம்பித்தால் இன்னொன்று குறுக்கே கத்துகிறது, ஒன்றையும் முழுசாகக் கேட்க முடியவில்லை. இந்த நெரிசலில் பெண் எதற்கென்று பதில் சொல்லும்? அரை மணி நேரம் உட்கார்ந்தும் பதில் இல்லை.

கூட்டமில்லாத தண்டு வேண்டும் என்று நடுவயலுக்குப் போனேன். பச்சைப் பசேலென்று இருந்தது. நானாவும் பின்னால் வந்தார். ஒரே ஒரு ஆண், நிதானமாகக் கூப்பிட்டது. குறுக்கே யாரும் இல்லை. கொஞ்சம் இடைவெளி. பிறகு தாழ்ந்த குரலில், தட்டுவதுபோல், பதில்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

"இங்க பூச்சி ஒண்ணும் இல்லதானே?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோடி சேர்ந்தால் முட்டை. முட்டை பொரித்தால் இந்தப் பச்சையும் மூலைபோல் ஆகும். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் கேட்டார்.

"ரெண்டு பேரு பேசிக்கிறாங்களே," என்றார் மெதுவாக.

உடனே விவசாய அலுவலரைக் கூப்பிடச் சொன்னேன். போனை எடுத்தார், சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் சந்திக்கு ஓடினார்.

போக நினைக்கிறவர்கள் தண்ணீரும் காலுக்கு மூடிய சப்பாத்தும் கொண்டுபோங்கள். திரும்பும் கடைசி பஸ் மூன்றரைக்கு, விட்டால் வேறு வழியில்லை. ஹெட்போனில் என்ன கேட்டது என்பதை வயல்காரரிடம் மறைக்காதீர்கள். அந்தப் பதில் என் போனில் பதிவாகி இருக்கிறது. இங்கே போட மனம் வரவில்லை.