கத்தி படாமல் போன கல்

எண்பதுகளின் கடைசியில் நான் பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை வைத்திருந்தேன். வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி ஒரு வலி வந்து உயிரை வாங்கியது. படம் பிடித்துப் பார்த்ததில் பித்தப்பையில் கொண்டைக்கடலை அளவு ஒரு கல்.

ஆபரேஷன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. என் அக்கா அப்படிப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

"வெட்ட வேணாம் அக்கா. அதிர்ச்சி அலையால வெளியிலிருந்தே உடைக்கலாம். மிச்சத்த மாத்திரை கரைச்சிரும்" என்றார் டாக்டரம்மா.

லோரி ஓட்டும் என் கணவர் சிரித்துவிட்டார். "உள்ள இருக்கிற கல்ல வெளிய இருந்து உடைக்கிறதா? நம்புற மாதிரி இல்லையே லா!"

ஆஸ்பத்திரியில் அந்த அலை எந்திரத்தின் தண்ணீர் நிரப்பிய பையின் மேல் குப்புறப் படுத்தேன். டக், டக் என்று யாரோ விரலால் விலாவைச் சுண்டுவதுபோல் நெடுநேரம் கேட்டது. எழுந்தபோது தோலில் லேசான சிவப்பு மட்டும்தான். ஸ்கேன் திரையில் ஒற்றை உருண்டையாக இருந்த கல் இப்போது நொய்யரிசியாகச் சிதறிக் கிடந்தது.

பிறகு மாத்திரை. தினமும் சாப்பாட்டுக்குப் பின், மாதக்கணக்கில்.

"இது என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"பித்த அமிலம் அக்கா. உங்க பித்தத்துலயே இது கொஞ்சம் இருக்கு. நாங்க கூடக் கொஞ்சம் குடுக்கிறோம், அவ்வளவுதான்."

அன்று முழுவதும் எனக்குத் தையல் ஓடவில்லை. கல்லைக் கட்டிய அதே பித்தத்தில் அதைக் கரைக்கிறதும் இருந்திருக்கிறது!

நான்காம் மாதம் கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வலி குத்தியெடுத்தது. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கணவர் முகம் வெளுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் தானாக அடங்கியது. கல் துண்டு ஒன்று பித்தக்குழாய் வழியே நழுவியிருக்கும் என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் புள்ளிகள் குறைந்திருந்தன. ஓராண்டு கழிந்த ஒரு காலையில் பித்தப்பை வெறும் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

"எங்கே?" என்றேன்.

"இல்லயே அக்கா. கரைஞ்சு போச்சு."

"இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினார். கணவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

மறுபடியும் வரலாம் என்று எச்சரித்துத்தான் மாத்திரையை நிறுத்தினார்கள். இதுவரை வரவில்லை. குளிக்கும்போது இன்றும் சில நாள் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை.