மழை என்றொரு பொத்தான்

நடுத்தெருவில் குனிந்து நின்றுகொண்டு, பின்னால் அலறும் ஹாரனைக் காதில் வாங்காமல், ஓர் இரும்பு மூடியைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்க்கிறார். மூடியில் வார்த்திருக்கும் எழுத்தைப் படிக்கிறார். போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஓரமாக வருகிறார். "இதுக்குக் கீழ ரெண்டு பைப் போகுது சார். நம்ம டிராயிங்ல ஒண்ணுதான் இருக்கு," என்கிறார், பக்கத்து வீட்டு ரகசியத்தைச் சொல்கிற குரலில். டீ குடிக்கலாம் என்று கலரக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பியது என் தப்பு. டீக்கடை போய்ச் சேர்வதற்குள் இன்னும் எத்தனையோ மூடிகள் இருந்தன.

எங்கள் கம்பெனி தெருத்தெருவாகத் தோண்டிக் குடிநீர்க் குழாய் பதிக்கிறது. குழாய் வாங்கும் பிரிவில் நான் இருக்கிறேன். எதிர் மேஜை அவருடையது. தோண்டி முடித்த தெருக்களில் எங்கே பாறை வந்தது, எங்கே பழைய கேபிள் குறுக்கிட்டது, எந்தக் குழு எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்ற விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, இனித் தோண்டப்போகும் தெருவில் என்ன தகராறு காத்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வது அவர் வேலை. தகராறான தெரு வரைபடத்தில் சிவப்பு, சாதுவான தெரு பச்சை, ரெண்டுங்கெட்டான் மஞ்சள். அதனால் தோண்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கலரக்கா. "கலரக்கா, இன்னிக்கு எங்களுக்கு என்ன கலர்?" என்று காலையில் போன் வரும். ஜோசியம் கேட்பதுபோல் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "ஜோசியர் தப்பாச் சொன்னா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. என்கிட்ட வருவாங்க," என்பார்.

நாற்பதைத் தாண்டியவர். மேஜைக்கடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் எப்போதும் தயாராக இருக்கும். சாப்பிடும்போதும் கண் திரையில்தான். ஒருநாள் என் டப்பாவிலிருந்து பாதி சாப்பிட்ட பிறகு, "இன்னிக்கு என் சமையல் நல்லா வந்திருக்கு," என்று தம்மையே மெச்சிக்கொண்டார். எதற்கும் காரணம் வேண்டும் அவருக்கு. லேட்டாக வந்தால் ஏன் லேட், சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம். அவர் மகள் ஒருமுறை ஆபீசுக்கு வந்திருந்தபோது என்னிடம் அலுத்துக்கொண்டாள்: "அங்கிள், எங்க வீட்டுல 'சும்மா'ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அந்தச் சும்மாவுக்கும் காரணம் சொல்லணும்."

காரணப் பைத்தியம் பிடித்த அந்த மனுஷியைத்தான் ஒரு காரணம் கவிழ்த்தது.

வேலை தாமதமானால் ஏன் என்று ஒவ்வொரு குழுவின் மேஸ்திரியும் அன்றன்றே போனில் பதிய வேண்டும். அதற்குக் காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஒன்றைத் தொட்டால் போதும். பட்டியலைத் தயாரித்தவர் கலரக்காதான். அடைமழைக் காலத்தில் தயாரித்ததால் மழையை முதலில் வைத்துவிட்டார். மழையால் தாமதமானால் அது குழுவின் குற்றமில்லை என்று கணக்கில் கழித்தும் விடுவார். அப்படிக் கழித்து, எந்தக் குழு வேகம், எந்தக் குழு மந்தம் என்று ஓர் அட்டவணை போட்டார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவரைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சும் கிளம்பியது.

அட்டவணையின் அடியில் இருந்தது கண்ணாடி மேஸ்திரியின் குழு. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார் மனிதர், வாய் ஓயாது. பட்டியலைத் தொடவே மாட்டார். கடைசியில் இருக்கும் 'வேறு காரணம்' பெட்டியைத் திறந்து, ஒற்றை விரலால் புலம்பித் தள்ளுவார். 'பழைய கேபிள் குறுக்கே. டிராயிங்ல இல்லை. கையால தோண்டினோம். நாளைக்கும் இதே கதிதான், யார் கேக்கறீங்க?' இந்தப் புலம்பலைக் கழிக்கக் கணக்கில் வழியில்லை. ஆகவே அவர் குழு மந்தம், அடுத்த கட்ட வேலையில் அவர்களுக்கு இடமில்லை என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். அந்தக் குழுவில் மாமன், மச்சான், மாப்பிள்ளை என்று எல்லோரும் ஒரே குடும்பம். வேலை போனால் மொத்தமாகப் போகும்.

ஒரு சிவப்புத் தெருவைப் பார்க்க, பூட்ஸை மாட்டிக்கொண்டு கலரக்கா கிளம்பினார். குழாய் இறக்கும் வேலை இருந்ததால் நானும் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அட்டவணையில் முதலிடம் பிடித்த குழு நிழலில் உட்கார்ந்திருந்தது, இயந்திரம் பழுது. அவர்களுடைய மேஸ்திரி எங்கள் கண்ணெதிரே போனை எடுத்து, சேறு படிந்த கட்டைவிரலால் 'மழை'யைத் தொட்டார்.

"என்ன அண்ணே, மழையா?"

"அட, அது ஒரு பேச்சுக்கு தங்கச்சி. மழைன்னு போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. மிஷின்னு போட்டா போன் மேல போன் வரும்."

கலரக்கா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவர் மேலே பார்த்து நான் கண்டது அன்றுதான். திரும்பும் வழியில் ஒரு மூடியைக்கூடத் தட்டவில்லை.

ஆபீசில் வானிலைக் கணக்கை எடுத்து வைத்து ஒப்பிட்டார். பொட்டுத் தூறல்கூட இல்லாத வாரங்களில் எங்கள் தெருக்களில் மட்டும் கொட்டித் தீர்த்திருந்தது. நனையாமல் இருந்தது கண்ணாடி மேஸ்திரியின் குழு மட்டுந்தான். "இதை நான் முதல்லயே பாத்திருக்கணும் சார். வீட்டுல சும்மாவுக்குக் காரணம் கேக்கறவ, மழைக்கு மட்டும் கேக்கல," என்றார். முகம் செத்துப் போயிருந்தது. எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை.

மறுநாள் கூட்டம். கலரக்காவின் கம்ப்யூட்டர் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது. அட்டவணையை ரத்து செய்யப் போவதாகச் சொன்னார்.

"போன கூட்டத்துல எல்லாரும் கைதட்டினோமே, அது?" என்றார் மேனேஜர்.

"அது என் தப்புக்குத் தட்டினது சார்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. அட்டவணை ரத்தானா அந்தக் குழுவை நிறுத்த எடுத்த முடிவும் ரத்து. அவங்க வேலை செய்யட்டும். ஆனா ரத்துக்கும் அதே பட்டியல்ல காரணம் பதியணும்ல? தலைமை அலுவலகம் பாக்கும். உங்களை அங்க கூப்பிடற நேரம் வேற." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். "பேசாம மழைன்னு போட்டுடுங்கம்மா. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

சுவரில் அதே பட்டியல் திறந்தது. முதல் வரியில் மழை. நானாக இருந்தால் தொட்டிருப்பேன், சந்தேகமே இல்லை. சுட்டி அம்பு மழைமேல் சற்று நின்றது. பிறகு பாறை, கேபிள், இயந்திரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கி, கடைசிப் பெட்டியைத் திறந்தது. கலரக்கா ஒற்றை விரலால், கண்ணாடி மேஸ்திரியைப் போலவே, நிதானமாகத் தட்டினார்: 'அட்டவணை போட்டவர் வானத்தைப் பார்க்கவில்லை.' கீழே தம் பெயரையும் சேர்த்துவிட்டு, 'அனுப்பு' என்பதை அழுத்தினார்.