அன்வர் பாய் நாக்கில் வைத்த தீப மை

அன்வர் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு வாடிக்கையாளரோடு ருத்திராட்சத்துக்கு எத்தனை முகம் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். போனை எடுத்த என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார். “பாய் காலையில தொழுதுட்டு நாற்காலியில உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்” என்றார். “எந்த பாய்?” என்று கேட்டார் வந்தவர். அவர் வெளியூர்க்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தேரடி வீதியில் அன்வர் பாயைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது.

முப்பது வருடத்துக்கும் மேலாக எங்களுக்கு அடுத்த கடை அவருடையது. சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிப்பது தொழில். இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களே, உங்களில் பாதிப் பேர் வீட்டில் மாட்டியிருக்கும் அண்ணாமலையார் அவர் கையால் ஆணி அறையப்பட்டவர்தான். யாராவது அவசரப்படுத்தினால், “சாமி எங்கயும் ஓடிடாதுங்க, பசை காயட்டும்” என்பார். அந்தப் பேச்சையும் அவருடைய சிரிப்பையும் பற்றி நிறையப் பேர் எழுதுவீர்கள். நான் வேறு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் வெட்கப்பட வேண்டிய விஷயமும் அதில் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். என் வீட்டுக்காரர் சேகர், கடைக்குப் பூஜை மணி, ஜபமாலை வாங்குவதற்காக வடக்கே ஒரு பெரிய நகரத்துக்குப் போயிருந்தார். மாலை நேரத்தில், அவர் கொள்முதல் செய்யும் அதே பஜாரில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. வளையல் வாங்க வந்தவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். கடை டிவியில் அதைப் பார்த்துக்கொண்டே நான் அவருக்குப் போன் போடுகிறேன், போடுகிறேன், ஸ்விட்ச் ஆஃப். டிவியில் யாரோ ஏதோ ஒரு பேரைச் சொன்னார்கள். என் வாயிலிருந்து, “இவனுங்க ஜாதியே இப்படித்தான்” என்று வந்துவிட்டது. திரும்பினால், வாசலில் அன்வர் பாய். கையில் கண்ணாடி வெட்டும் கட்டர்.

அவர் திரும்பித் தன் கடைக்குள் போய்விட்டார். இனி முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கையில் போனும் சார்ஜரும் இருந்தன. “சேகர் போட்டோ ஒண்ணு குடும்மா. அந்த ஊர் ஆஸ்பத்திரிங்களுக்கு நான் பேசுறேன்” என்றார். எங்கள் பக்கம் யாருக்கும் ஹிந்தி தெரியாது. அவர் வீட்டில் பேசுவது உருது, அது ஹிந்திக்காரர்களுக்குப் புரியும்.

இரண்டு நாள் எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அந்த ஊரில் இவ்வளவு ஆஸ்பத்திரிகள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை, ஒரு வார்டிலிருந்த நர்ஸ், யாருக்கும் புரியாத பாஷையில் முனகும் ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னாள். போனை அந்த ஆளின் வாயருகே பிடிக்கச் சொன்னார் பாய். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். “உயிரோட இருக்காரும்மா! தண்ணி ஏன் கம்மியா குடுக்கறீங்கன்னு திட்டுறாரு!”

சேகர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அந்த நர்ஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்கிறதாம். சேகரின் பர்ஸ், அடையாள அட்டை எல்லாம் போய்விட்டன. சட்டைப் பையில் மிஞ்சியிருந்தது ஒரு பொட்டலம் மட்டும். அதில் கறுப்பாக ஏதோ பொடி, பிசுபிசுவென்று. குண்டு வெடித்த இடத்தில் கிடந்த ஆள், பேர் தெரியாது, பேச்சு புரியாது, பையில் கறுப்புப் பொடி. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியும், அது தீப மை. கார்த்திகைக்கு மலை உச்சியில் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்து, ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்திய பிறகு கோயிலில் கொடுப்பார்கள். ஊரை விட்டுப் போனால் சேகர் அதைப் பையில் வைக்காமல் போகமாட்டார். துணைக்கு இருக்கட்டும் என்று நான்தான் அந்தத் தடவை மடித்துக் கொடுத்தேன். அந்தத் துணைதான் அவரை மாட்டிவிட்டிருந்தது.

நானும் கொழுந்தனாரும் கிளம்பினோம். அன்வர் பாயும் கிளம்பினார். “பாய், நீங்க வேணாம். இந்த நேரத்துல அந்த ஊர்ல உங்க தாடியும் தொப்பியும்...” என்று கொழுந்தனார் இழுத்தார். “அப்ப அங்க போய் யாரு பேசுவா, நீயா? உனக்கு வேலூர் தாண்டினாலே வழி தெரியாது” என்றார் பாய். ரயிலில் எங்களோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் நிலையத்தில் ஒரு மேசை மேல் அந்தப் பொட்டலம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பாய் அதிகாரியிடம் உருதுவில் பேசினார். போனில் மலைத் தீபத்தின் படத்தைக் காட்டினார். எனக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் அதிகாரி நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. படத்தைவிட அவர் பாயின் தாடியைத்தான் அதிக நேரம் பார்த்தார். அப்போது பாய் கையை நீட்டி, அந்த மையில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். பாய் கறுத்த நாக்கோடு நிதானமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “நெய்யும் கரியும்தான் சார், எங்க மலை விளக்கோட கரின்னு சொன்னேன்” என்றார். எங்க மலை என்று அவர் சொன்னதை அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

என்னையும் கொழுந்தனாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். சேகரின் வலது கால் முட்டிக்குக் கீழே நைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தை மாதிரி விசும்பினார். டாக்டர் ஏதேதோ சொல்கிறார், ஒன்றும் புரியவில்லை, பாயைக் காணோம். சாயங்காலம்தான் வந்தார், கையில் டீ பிளாஸ்க்கோடு. நான் எரிந்து விழுந்தேன். “எங்க போய்ட்டீங்க? நாங்க இங்க தனியா தவிக்கிறோம்.” “இந்த ஊர் டீ ஜோரா இருந்துச்சும்மா. அதான் லேட்” என்றார். மறுநாள் சேகரின் கட்டிலருகே நின்ற போலீஸ்காவலை விலக்கிக்கொண்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் இறந்தவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து மகனைத் தேடி வந்த ஒரு தம்பதி அதன் முன்னால் முழித்துக்கொண்டு நின்றார்கள். பாய்க்கு ஹிந்தி எழுத்து வராது, தெலுங்கு கொஞ்சம் வரும். ஒரு காவலரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மகன் பேர் இருந்தது. அதை அந்தப் பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். சொன்னார். பிறகு அந்த அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பிணவறை வரைக்கும் கூடவே போனார். எனக்குக் கணவர் திரும்பக் கிடைத்த அதே வராந்தாவில் அவர்களுக்கு மகன் கிடைக்கவில்லை. இன்றைக்கும் நான் சாமி கும்பிடும்போது அந்த அம்மாவின் முகம் வந்துபோகும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வருடம் பொறுத்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. “பாய், அன்னிக்கு டிவி முன்னாடி நான் சொன்னது...” என்று ஆரம்பித்தேன். அவர் அளவுகோலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். “பயத்துல பேசறதையெல்லாம் பேச்சுல சேர்க்கக் கூடாதும்மா” என்றார். உடனே, “ஆனா வலிச்சது” என்றும் சொன்னார். மன்னித்ததற்காக மட்டுமல்ல, வலித்தது என்று என்னிடம் மறைக்காமல் சொன்னதற்காகவும் நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த கதை. தெரியாததை அவர் மனைவி நஸீம் அக்கா போன வாரம் துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “டீக்கடையாவது ஒண்ணாவது. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் அவரைத்தான் உள்ள உக்கார வச்சு விசாரிச்சாங்க. யாரு, எவரு, எந்த மசூதி, எதுக்கு இவனுக்கு இவ்ளோ பேசறன்னு. செருப்பைக்கூட கழட்டச் சொல்லி நிக்க வச்சாங்களாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா நீ சங்கடப்படுவியாம்.” அந்தச் சாயங்காலம் நான் அவர் மேல் எரிந்து விழுந்ததும், அவர் பிளாஸ்க்கைத் திறந்து முதல் டம்ளரை என்னிடம் நீட்டியதும் நினைவுக்கு வந்தன. அவருக்காக அழுவதற்குக்கூட இத்தனை வருடம் என்னை விடவில்லை அந்த மனிதர்.

பாயைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது நாங்கள் பெண்கள் தெரு முனையில் நின்றிருந்தோம். சேகர் போய் முன்பக்கம் தோள் கொடுத்தார். அவர்கள் வழக்கப்படி விரைந்து நடந்தார்கள். இரண்டு எட்டு வைப்பதற்குள் சேகர் தடுமாறினார். “நீங்க விடுங்கண்ணே, கஷ்டம்” என்று யாரோ வந்தார். சேகர் விடவில்லை. பின்னால் தூக்கியிருந்த பாயின் பெரிய மகன் சத்தம் போட்டுச் சொன்னான்: “எல்லாரும் மெதுவா நடங்க. சேகர் அண்ணன் நடைக்கு நடங்க.” அவ்வளவு பெரிய கூட்டமும் நடையைக் குறைத்துக்கொண்டது.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று நஸீம் அக்கா கேட்டார். கடையில் அவர் சட்டம் போட்ட படங்கள் இருக்கின்றன, ஆனால் அவை எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. தினமும் காலையில் நான் கண் திறப்பதற்கு முன்னால் சேகர் எழுந்து, வலது காலை இழுத்து இழுத்து அடுப்படிப் பக்கம் போவார். சர்... சர்... என்று தரையில் கேட்கும். அன்வர் பாய் எனக்குக் கொடுத்தது அந்தச் சத்தம். நான் வைத்திருப்பதும் அதைத்தான்.