சொன்ன கைதான் வெட்டணும்

காலரில்தான் தொடங்குவார். இரண்டு கட்டைவிரல்களாலும் முனைகளை வெளியே தள்ளி, இரண்டும் ஒரே கூர்மைதானா என்று பார்ப்பார். அங்கிருந்து தோள், கை, பை, பட்டன் பட்டி, கீழ்மடிப்பு. பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, போன வழியே திரும்பி வருவார். ஒரு சட்டைக்கு ஐம்பது விநாடி. குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். தைத்துச் சரிசெய்யக்கூடிய குறை என்றால் சட்டை மஞ்சள் கூடைக்குப் போகும். அதற்கு ஆல்டர் என்று பெயர். சரிசெய்ய முடியாதென்றால் சிவப்புக் கூடை. அதற்கு முன் ஒரு சீட்டைக் குத்தி, தன் எண்ணை எழுதி வட்டமிடுவார். பதினான்கு. பதினோரு வருடமாக அதே மேசை, அதே எண். தைத்து வரும் சட்டைகளைச் சோதிப்பது அவர் வேலை; தொழிற்சாலையில் அவரை ‘பதினாலக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சிவப்புக் கூடைகளைக் கவிழ்ப்பார்கள். கழித்த சட்டை எதுவும் தெருக்கடைக்குப் போய்விடக் கூடாது என்பது வாங்கும் கம்பெனியின் கண்டிப்பு. அதனால் காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை கத்தரியால் கிழித்துப் போட வேண்டும். யார் கழித்தாரோ அவரே கிழிக்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாத விதி இது. “சொன்ன கைதான் வெட்டணும்” என்கிறார் பதினாலக்கா. “அடுத்தவ தலையில கட்டிட்டா, ரிஜெக்ட்னு சொல்றது ரொம்ப சுலபமாப் போயிடும்.”

வயது நாற்பத்திரண்டு. முப்பத்தாறில் திருமணம். கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மாடி மாடியாக ஏறி இறங்குபவர், வீட்டில் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார் என்பது இவருடைய புகார். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் எட்டாவது வாரத்தில் கலைந்தது. பிறகு கருத்தரிப்பு மருத்துவமனை. வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிகளை, பட்டன் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் அறையில் இடைவேளையில் போட்டுக்கொண்டார். அடுத்த மேசைப் பெண் வாசலில் நின்று காவல் காத்தாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அந்த இரண்டு வாரமும் ரேடியோ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழிற்சாலையின் சரித்திரத்திலேயே இது பெரிய அதிசயம் என்று பதினாலக்காவே ஒப்புக்கொள்கிறார்.

முட்டைகளை வெளியே எடுத்து ஆய்வகத்தில் சேர்த்ததில் ஐந்து கருக்கள் உருவாயின. முந்தைய இரண்டும் கலைந்ததால், கருப்பையில் வைப்பதற்கு முன் மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்றார்கள். கருக்களை உறையவைத்துவிட்டு, முடிவுக்காகப் பதினேழு நாள் காத்திருந்தார்கள்.

“டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் குடுக்கலை. மொதல்ல டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

ஐந்தும் கோளாறு. எது எப்படி என்று பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறார். “மொதல்ல இருக்கறதுக்குப் பதினாறாவது குரோமோசோம் ஒண்ணு கூட. ரெண்டாவதுக்கு இருபத்திரண்டாவது ஒண்ணு கொறச்சல். மூணாவதுக்கும் பதினாறு. நாலாவதுல அஞ்சு இடம், அம்பு ஒட்ட எடமே பத்தாது. கடைசிக்குப் பதினஞ்சு கொறச்சல்.” பிறகு, “பட்டன் கூட இருந்தா பிரிச்சு எடுத்துடுவேன், கொறஞ்சா வச்சுத் தச்சுடுவேன். இதுக்கு மஞ்சக் கூடையே கிடையாதாம்.”

அன்று அந்த அறையில் அவர் கேட்ட கேள்விகளை மருத்துவமனை இன்னும் மறந்திருக்காது. முதல் கேள்வி, சோதனையைச் செய்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? இவருடைய தளத்தில் சாப்பாட்டு மணிக்கு முந்தைய அரைமணி நேரத்தில் ரிஜெக்ட் ஏறும். பசித்த கண்ணுக்கு எல்லாமே கோணல். அதெல்லாம் மெஷின் படிப்பது, மெஷினுக்குப் பசிக்காது என்றார் டாக்டர். “மெஷின்ல போட்டவங்களுக்குப் பசிக்குமில்லையா?” என்றார் இவர்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு எடுத்துப் பார்த்தார்கள்? வெளிப்புறத்திலிருந்து ஐந்தாறு செல்கள். “கீழ்மடிப்புல நாலு நூலை உருவிப் பாத்துட்டு, காலர் கோணல்னு ஒருத்தி சொன்னா நான் ஒத்துப்பேனா?” டாக்டர் பொறுமையாகவே பதில் சொன்னார். மறுபடி எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அப்படியே வைத்தாலும் கருப்பையில் ஒட்டாது, ஒட்டினாலும் முன்பு போல எட்டாவது வாரம் கலையும். இந்த வயதில் இன்னொரு முறை முட்டை எடுக்க அவர் சிபாரிசு செய்யவில்லை.

மூன்றாவது கேள்வி ரிப்போர்ட்டைப் பற்றி. நான்கு பக்க ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டு, “பாத்தவங்க நம்பர் எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். கீழே ஆய்வகத்தின் முத்திரை மட்டும் இருந்தது. “ஒரு முழுக்கைச் சட்டையைக் கழிக்கறதுக்கு நான் நம்பர் போடறேன். அஞ்சு புள்ளைய கழிச்சிருக்காங்க, ஒருத்தரும் போடலை.”

கருக்களை அப்புறப்படுத்தச் சம்மதம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கணவர் அன்றைக்கே, மருத்துவமனைத் தாழ்வாரத்தில், காவலாளியிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினாலக்கா இதை மன்னிக்கவில்லை. “லிப்ட் சர்வீஸ் புக்குல போடற மாதிரி நின்னுக்கிட்டே போட்டாரு. தேதிகூட மறக்கலை.” அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் குரல் இறங்குகிறது. “‘அந்தக் காகிதத்தை வீட்டுக்குள்ள கொண்டுவராதே, என்னால பாக்க முடியாது’ன்னாரு. பாக்க முடியாதவரு கழுத்தைத் திருப்பிக்க வேண்டியதுதானே, கையை எதுக்கு நீட்டினாரு?”

மாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது, “அஞ்சுல ஒண்ணுகூடவா தேறலை?” என்றாராம். “உங்க புள்ளை பள்ளிக்கூடத்துல தேறினதே மூணாவது தடவைதானே அத்தை” என்று இவர் சொல்ல, அதன்பிறகு இரண்டு நாள் வீட்டில் தட்டுகள்தான் பேசிக்கொண்டன.

விவரம் தெரியாத ஒரு தையல்காரப் பெண் சென்ற வாரம் தண்ணீர்க் குழாயருகே, “என்னக்கா, விசேஷம் உண்டா?” என்று விசாரித்தாள். “உண்டே. ஒண்ணில்லை, அஞ்சு விசேஷம். எல்லாம் ஐஸ்ல இருக்கு” என்றார் பதினாலக்கா. அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாட்டிலை வழிய வழிய நிரப்பினாள்.

படிவம் மூன்று வாரமாக அவருடைய கைப்பையில் இருக்கிறது. இந்த மூன்று வாரமும், சிவப்புக் கூடைக்குப் போட்ட ஒவ்வொரு சட்டையையும் மறுபடி எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஐம்பது விநாடி இப்போது நான்கு நிமிடமாகியிருக்கிறது. மேசையில் சட்டைகள் குவிகின்றன. “என்னம்மா, அதுக்குக் கைரேகை பாக்கறியா?” என்று நக்கலடித்த சூப்பர்வைசரிடம், மஞ்சள் கூடைக்கு மாற்றிய இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டினார். “ரெண்டு. நானே தப்பாச் சொன்னது. பதினோரு வருஷத்துல இப்படி எத்தனையை வெட்டியிருப்பேன், சொல்லுங்க சார்.” சூப்பர்வைசர் நகர்ந்துவிட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில், லாக்கர் வரிசையருகே மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. “ம்... தெரியும்மா... ரெண்டு பேரும் போடணும்னு தெரியும்... அவரு போட்டாச்சு... இன்னிக்குக் கடைசின்னா இன்னிக்கே குடுத்துடறேன்.” போனை உள்ளே வைத்துப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கைப்பையை மேசைக்கே எடுத்து வந்துவிட்டார்.

நான்கு மணிக்குக் கூடையைக் கவிழ்த்தார்கள். இவருடையவை மூன்று. மூன்றையும் ஜன்னலருகே இன்னொரு முறை பார்த்தார். ஒன்றில் பை தைத்த இடத்தில் ஓட்டை, ஒன்றில் துணியிலேயே இழை ஓடியிருந்தது, ஒன்றில் தோளை வெட்டியதே கோணல். எதையும் காப்பாற்ற வழியில்லை. காலரில் கத்தரியை வைத்து, நிறுத்தாமல் கீழ்வரை இழுத்தார். மூன்று முறை. அடுத்த மேசையில் ரேடியோ தன் சட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மேசையில் விரித்து, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை கட்டைவிரலால் தடவி வந்தார். புரட்டிப் போட்டுப் பின்பக்கமும் அப்படியே. மறுபடி திருப்பினார். கணவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கோட்டில் பேனாவை வைத்தார்.

எட்டிப் பார்த்த ரேடியோ பதறினாள். “அக்கா, என்னக்கா பண்றீங்க? பேர் போடணும்க்கா. நம்பர் போட்டா ஆஸ்பத்திரியில ஏத்துக்க மாட்டாங்க, திருப்பித்தான் அனுப்புவாங்க.”

பதினாலக்கா நிமிரவில்லை. எழுதிய எண்ணைச் சுற்றி, எந்தச் சீட்டிலும் போடாத நிதானத்தில், வட்டத்தைப் போட்டு முடித்தார்.