பூண்டும் மல்லிகையும்

என் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தாய் இல்லாததால், பிள்ளை பெற்றதும் சோமனூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. குழந்தைக்கு டப்பா பால்தான். "பால் ஊறவே இல்லீங்க அத்தை" என்று நங்கை சொன்னால் அம்மா விடுவாளா? வேளாவேளைக்குப் பூண்டை வேகவைத்துக் கொடுத்துத் தள்ளினாள்.

கடைக்குப் போகிற வேலை என்னுடையது. அம்மாவுக்குப் பூண்டு, நங்கைக்கு மல்லிகை. வாங்கி வந்த பூ ஒருநாளும் தலையில் ஏறவில்லை. பச்சை உடம்புக்காரிக்குப் பூ ஒரு கேடா என்று எரிச்சலாக வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். நங்கை கதவைச் சாத்திவிட்டு மாராப்பை விலக்கினார். பால் வற்றுவதற்காக மல்லிகையை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். துணி பாலில் நனைந்திருந்தது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க அம்மணி. உங்கண்ணனுக்கும்தான். பால் குடுத்தாப் பாப்பாவுக்கும் வந்தாலும் வந்துருமாமா. டாக்டரம்மா சொன்னாங்க. அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தாய்ப்பாலே சிறந்தது என்று அதே ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். வயிற்றில் இருந்தபோது வராதது பாலில் எப்படி வரும்? ஏற்கனவே வந்திருந்தால், பால் கொடுத்தால்தான் என்ன? அண்ணனைக் கேட்கலாமென்றால், அவன் தறிக்குடோனே கதியென்று கிடந்தான். நான் பூண்டும் வாங்கினேன், பூவும் வாங்கினேன். அம்மா ஊற வைக்க, நங்கை வற்ற வைக்க, நடுவில் அந்த உடம்பு காய்ச்சலில் கொதித்தது. யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் அழுதேன்.

ஒருவழியாகப் பால் வற்றியது. "பெத்த புள்ளைக்கு ஒரு வாய் பால் குடுக்க வக்கில்லயாக்கு" என்றாள் அம்மா. நங்கை டப்பா பாலைக் கரைக்கப் போனார்.

ஒன்றரை வயது முடிந்தால்தான் குழந்தைக்கு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்றிருந்தார்கள். அந்தப் பரிசோதனைக்குக் கோயமுத்தூருக்கு நானும் போனேன். குழந்தைக்கு இல்லை. டாக்டரம்மா சிரித்தார், நான் ஓவென்று அழுதேன். நங்கை இரண்டும் செய்யவில்லை. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தோளில் தூங்கிய குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் பால் குடுத்திருந்தாலும் வந்திருக்காதுங்களா அம்மணி?"

"தெரியலீங்க நங்கை" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.