மூலையில் இருந்த பொத்தான்

தறியில் பொருத்தும் கணினிப் பெட்டிக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. புடவையில் எந்த வரிசைக்கு எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் சொல்லும். பழைய திரையில் ஏகப்பட்ட பொத்தான்கள். சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று நானே பாதியை எடுத்து 'செட்டிங்ஸ்' பக்கத்துக்குள் போட்டேன். அதில் ஒன்று, ஒரு வரிசை பின்னால் போவதற்கான பொத்தான். அதுவரை வலது மூலையில் இருந்தது.

நெய்பவர்களிடம் கருத்துக் கேட்டு வரச் சொன்னது கம்பெனி. ஆரணிக்காரன் என்பதால் என்னைத்தான் அனுப்பினார்கள். சேவூரில் ஆறு வீடுகளில் புதிய திரையைப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கேள்வித்தாளோடு போனேன். எல்லா வீட்டிலும் காபி. எல்லா வீட்டிலும் ஐந்துக்கு ஐந்து.

கடைசி வீடு ஓர் அக்காவுடையது.

"எப்டிக்கா கீது?"

"சோக்கா கீதுப்பா."

"கஷ்டமா எதுனா?"

"இன்னா கஷ்டம்? நீ காபி குடி, ஆறிப்போவுது."

எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்தவனிடம் அவன் செய்ததைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைப் புகழ்ந்துவிட்டு வந்து, வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் தேடுபவர் என் அம்மா. தெரிந்தேதான் முப்பதுக்கு முப்பது என்று எழுதி அனுப்பினேன். பாராட்டு வந்தது, வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கம்பெனிக்காகப் படம் எடுக்க அதே அக்கா வீட்டுக்குப் போனேன். நெய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. அப்படி வரும்போது பெட்டி சில வரிசை தாண்டி நிற்கும். பின்னால் கொண்டுவர வேண்டும். அக்காவின் விரல் தானாக வலது மூலைக்குப் போய் வெறும் இடத்தை அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. பிறகு திரையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. நான் கவனிப்பது தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பட்டனக் காணோம்னு ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"கஷ்டப்பட்டு செஞ்சிகினு வந்து ஆசையா காட்ற. அது நொட்ட, இது நொள்ளைன்னு சொல்வாங்களா?"

தறியில் சுருட்டியிருந்த புடவையைப் பார்த்தேன். முன்பு ஒருமுறை இப்படிப் பின்னால் போக முடியாமல் நெய்ததில், ஒரு வரிசை மாங்காய்கள் காம்பில்லாமல் நின்றன. பிரித்தால் பட்டு நைந்துவிடும் என்று அப்படியே விட்டு மேலே நெய்திருந்தார்.

"யாருக்குக்கா இது?"

"பொண்ணுக்குத்தான். முகூர்த்தப் புடவ."

ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கே நெய்துவந்தவர் தன் வீட்டுக்கென்று நெய்த முதல் புடவை அது. எனக்குத் தலை நிமிரவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் கம்பெனிக்கு எழுதினேன். முப்பதுக்கு முப்பது பொய் என்றும் எழுதினேன். பொத்தான் பழைய மூலைக்கே வந்தது. புடவைதான் அப்படியே இருந்தது.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, போனேன். பெரியவர்கள் காலில் விழப் பெண் குனிந்தபோது கொசுவம் விரிந்து அந்த வரிசை தெரிந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. எப்போது வந்தாரோ, அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"புடவ எப்டிப்பா கீது?" என்று கேட்டார். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப நல்லா கீதுக்கா," என்றேன்.