எட்டாவது கை

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால், "வேற சோலி இல்லையா ஒனக்கு" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். இருட்டில் கொல்லைக்குப் போக எனக்குத் துணை வேண்டியதில்லை. அதனால் இதை நான் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் பாதியில் சிரித்தீர்கள் என்றால் நிறுத்திவிடுவேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீடு திருக்கோகர்ணத்தில். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், கல்யாணமாகாத நாத்தனார், என் இரண்டு பெண்கள், எல்லாருக்கும் ஒரே அடுப்பு, அந்த அடுப்புக்கு நான்தான் அதிகாரி. அந்த ஆவணியில் கொழுந்தனாருக்குப் பெண்டாட்டியாக மணமேல்குடியிலிருந்து பூரணம் வந்தாள். நல்ல பெண். என்னைவிட நன்றாகச் சமைப்பாள், அதுதான் எனக்கு உறுத்தல், உங்களிடம் மறைப்பானேன்.

கார்த்திகை அடைமழையில் ஒருநாள் மாங்காய் ஊறுகாய்ச் சாடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்துக் கிடக்கிறது. வருஷம் முழுவதற்கும் போட்டது, இன்னும் பாதிச் சாடி இருந்தது. யாரோ ஈரக் கரண்டியைப் போட்டிருக்கிறார்கள் என்று மாமியார் சத்தம் போட்டார். யாரோ என்ன யாரோ, நான்தான். அவசரத்தில் கரண்டியை அலசி, துடைக்காமல் அப்படியே விட்டு எடுத்தவள் நான். "நாந்தான் அத்தே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. மாமியார் பூரணத்தைப் பார்த்தார், நானும் பூரணத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து கைராசி இல்லாதவள் என்று அவளுக்குப் பேராகிவிட்டது. பால் திரிந்தாலும் அவள்தான், மாவு புளிக்காவிட்டாலும் அவள்தான். அவள் என்னோடு பேசுவதை விட்டாள். பொங்கல் கழிந்து வந்து கூட்டிப்போவதாக அவள் அப்பா கடுதாசி போட்டிருந்தார். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், கொழுந்தனாருக்குச் சோறே இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் காணும் பொங்கல் வந்தது. அன்றைக்குச் சோறு கட்டிக்கொண்டு வெள்ளாற்றுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின காலம் அது, அதை நம்பிப் போனால் பாதி வழி நாம்தான் தள்ளவேண்டும் என்று கூண்டு வண்டியைப் பூட்டினோம். முந்தின நாள் கொம்பில் பூசிய சிவப்பும் நீலமும் அழியாமல் மாடுகள் மாப்பிள்ளைகள் மாதிரி நடந்தன. குழந்தைகள் வழியெல்லாம் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே வந்தார்கள். யாருக்கு என்ன மனக்கஷ்டம் இருந்தாலும் அந்த வண்டியில் ஏறினால் சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்த வருஷம் நல்ல மழை, தை பிறந்தும் ஆற்றில் முழங்கால் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. முதலில் கரைமேல் இருந்த பழைய சிவன் கோயிலைச் சுற்றினோம். பிறகு கீழே சின்ன அணைக்கட்டு. தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து என் மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்த வயதிலும் என் கால் நழுவாது என்று சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்தபடியே சறுக்கி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். பூரணம்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆற்றோடு மேலே போனால் ஒரு கல் மண்டபம் இருக்கிறது, தூணெல்லாம் மீன் செதுக்கியிருக்கும், சாப்பிட்டுவிட்டு அங்கே போகலாம் என்றார்கள்.

மருத மர நிழலில் சட்டிகளை இறக்கினேன். புளிச்சோறு, தயிர்ச்சோறு, பருப்புத் துவையல். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊறுகா மட்டும் ஒரு துண்டு இருந்திருந்தா... அதத்தான் புண்ணியவதி ஒருத்தி பூசணம் பூக்க வச்சிட்டாளே" என்றார். பூரணம் சட்டென்று எழுந்து ஆற்றுப் பக்கம் போனாள். கை கழுவத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

உருட்டிப் போடுகிற சோறு சாப்பிட்டிருக்கிறீர்களா? எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள், ஒருத்தி நடுவில் சட்டியோடு உட்கார்ந்து பிசைந்து உருட்டி ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே வருவாள். அவளுக்குக் கண் சட்டியில்தான் இருக்கும், முகத்தை யார் பார்க்கிறார்கள், கை வந்தால் உருண்டை போகும். எட்டுக் கைக்கு நான் உருட்டினேன். நாத்தனார் கைக்கும் என் பெரிய மகள் கைக்கும் நடுவில் பூரணத்தின் கை, சிவப்புக் கண்ணாடி வளையல், மெல்லிய விரல். குற்றமுள்ள மனசு அல்லவா, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அந்தக் கைக்கு மட்டும் உருண்டையைப் பெரிதாகப் போட்டேன். கை ஈரமாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஈரமாகவே இருந்தது. சட்டி வழித்துத் துடைத்த மாதிரி காலியாயிற்று.

ஆண்கள் மரத்தடியில் சாய்ந்தார்கள், குழந்தைகள் மணலில் குழி தோண்டினார்கள், நானும் சற்றுக் கண் அசந்துவிட்டேன். வெயில் தாழ்ந்து வண்டி பூட்டும் நேரத்தில் கொழுந்தனார் வந்து, "மதினி, பூரணம் எங்க?" என்றார்.

"இங்கதானே சாப்புட்டா. நாந்தானே உருட்டிப் போட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ சாப்புடவே வரலியே மதினி. கோவிச்சுக்கிட்டு அங்கிட்டு போனா, நீங்க எடுத்து வச்சிருப்பீகன்னு இருந்தேன்."

நாத்தனாரைக் கேட்டேன். "என் பக்கத்துல ஒங்க பெரிய மகதான் ஒக்காந்திருந்தா. நடுவுல யாரும் இல்லியே அண்ணி" என்றாள். ஏழு பேர்தான் சாப்பிட்டார்கள் என்று மாமியாரும் சொன்னார். எட்டுக் கை, நான்கு சுற்று, எனக்கு எண்ணத் தெரியாதா?

அந்த யோசனை அதோடு நின்றுவிட்டது, ஏனென்றால் அணைக்கட்டுக்கு மேலே ஒரு கசம் இருந்தது, ஆள் மூழ்குகிற ஆழம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைப்பு வந்தது என்று நினைக்கிறேன். நான் ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள் குத்தியது தெரியாமல், பூரணம், பூரணம் என்று கத்திக்கொண்டு கரையோடு ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இங்கே இருந்திருப்பாளே என்று அழுதேன். என்னை நானே அவ்வளவு வெறுத்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஒரு திருப்பத்தில் எதிரே அவள் நிதானமாக நடந்து வருகிறாள், முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது, எனக்கு முன்னாடி எப்புடி இங்கிட்டு வந்தீங்க? இப்பத்தானே மண்டபத்துல ஒக்காந்திருந்தீங்க, நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்னீங்க?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மோவாயில் ஒரு புளிச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, விரலில் நல்லெண்ணெய் வாசனை.

"சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதானே எலையில கொண்டாந்து ஊட்டிவிட்டீங்க. ஏன்க்கா அழுவுறீங்க? ஈரக் கரண்டி போட்டது நீங்கதான்னு என்கிட்ட சொல்லிட்டீங்கள்ல, எனக்கு அது போதும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நான் எங்கயும் போகல."

சாடி விஷயம் என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை. அது நான் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மண்டபம் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன், அவளும் அழுதாள். பின்னால் ஓடிவந்த கொழுந்தனார் எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது வண்டியில் நானே வாயைத் திறந்தேன். என் பேரில் யாரோ ஒருத்தி ஒப்புக்கொண்டாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, "அத்தே, ஈரக் கரண்டியப் போட்டது நாந்தான்" என்றேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "வர்ற சித்திரைக்கு அம்புட்டு மாங்காயும் நீதான் நறுக்கணும், ஒருத்தி ஒதவிக்கு வரக்கூடாது" என்றார். வண்டியே சிரித்தது. பூரணம் என் தோளில் சாய்ந்து ஊர் வரும்வரை தூங்கினாள். மறுநாள் வந்த அவள் அப்பா, மூன்று நாள் விருந்து சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே ஊர் திரும்பினார்.

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கோபமும் என் நாக்கும் கொஞ்சம் குறைந்ததென்றால் அவளுக்காகத்தான். அன்று மண்டபத்தில் என்ன பேச்சு நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது, நான்தானே பேசினேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாசம் இரண்டு பேரும் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தானாகவே சிரித்துக்கொண்டாள். என்னடி என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க, நான் இல்லேங்கல. ஆனா அன்னைக்கு மண்டபத்துல இருந்தீங்க பாருங்க, அந்த மாதிரி அதுக்கப்புறம் ஒருநாளும் நீங்க இருக்கலக்கா" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பயம் என்று நினைக்காதீர்கள், எனக்குப் பயம் கிடையாது. பூரணத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் என்னைவிட மண்டபத்தில் இருந்தவளைத்தான் பிடித்திருக்கிறது.